வயலுக்கு ஒரு பக்கம்

இயற்கை விவசாயிகள் நாலு பேர் கூடும் இடத்தில் பஞ்சகவ்யத்தின் பக்குவத்தைக் கேட்டால் நாலு பேரும் பதில் சொல்வார்கள். தக்கைப்பூண்டை எந்த நாளில் மடக்கி உழுவது, வேப்பங்கொட்டைக் கரைசலை எந்த நேரத்தில் தெளிப்பது, மாப்பிள்ளைச் சம்பா சாயாமல் நிற்க என்ன வழி என்று அனுபவம் கொட்டும். "போன வருஷம் எந்தப் பயிர்ல எவ்வளவு நின்னுது?" என்று கேட்டால் மட்டும் பேச்சு மழைக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் நகர்ந்துவிடும். "ஏதோ கையைக் கடிக்கல" என்பார் ஒருவர். "மண்ணு நல்லாருக்கு, அது போதும்" என்பார் இன்னொருவர்.

மண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அந்த மண்ணை நன்றாக வைத்திருக்கும் குடும்பமும் அங்கேயே நிலைத்து நிற்க வேண்டும். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, ரசாயனத்திலிருந்து ஒரு தலைமுறையைத் திருப்பினார். அவர் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்து பத்தாண்டு தாண்டிவிட்டது. அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பியவர்களில் பலர் இன்னும் வயலில் இருக்கிறார்கள். சிலர் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் பெரும்பாலும் பூச்சியைக் காரணமாகச் சொல்வதில்லை, "கட்டுப்படியாகல" என்கிறார்கள். எது கட்டுப்படியாகவில்லை? நெல்லா, காய்கறியா, மாடா, வாரச் சந்தைக்குப் போய்வந்த வண்டி வாடகையா? எழுதிவைக்காதவரால் சொல்ல முடியாது. ஒரு பயிரை மட்டும் விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பண்ணையை முழுதாக விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இழப்புதான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று ஊரில் சொல்வார்கள். நொந்து சொன்ன அந்த வாக்கு, காலப்போக்கில் கணக்கே பார்க்காமல் இருப்பதற்குச் சாக்காகிவிட்டது. கணக்கைக் கேட்க வெளியாளும் கிடையாது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரை வருஷத்துக்கு ஒருமுறையாவது உட்காரவைக்கும் கட்டாயம் உழவருக்கு வருவதே இல்லை. வரி இல்லாதது நல்லதுதான். ஆனால் தன் தொழிலைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

சீட்டு இல்லாத செலவு

ரசாயனம் போட்டு ஒரே நெல்லைப் பயிரிடுகிறவரின் செலவில் பாதிக்காவது ரசீது இருக்கும். உரக்கடை பில், டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்த மணிக்கணக்கு, கொள்முதல் நிலையத்துச் சீட்டு. அவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டுவைத்தால்கூட ஓரளவு கணக்கு வந்துவிடும். மூன்று ஏக்கரில் நெல், உளுந்து, எள், காய்கறி, கீரை, இரண்டு மாடு, வரப்பில் தென்னை என்று வைத்திருக்கும் இயற்கை விவசாயிக்கு அந்த வசதி இல்லை. உரம் வீட்டிலேயே தயாராகிறது. விதை தன்னுடையது. உழைப்பும் பாதிக்கு மேல் வீட்டாருடையது. விளைந்ததில் கொஞ்சம் வீட்டுக்கு, கொஞ்சம் உறவுக்கு, கொஞ்சம் வாட்ஸ்ஆப் குழுவுக்கு, மீதி கடைக்குப் போகிறது. காசு கைமாறாத இடங்கள் அதிகம். காசு கைமாறாத இடத்தில் செலவே இல்லை என்று மனம் நம்பிவிடுகிறது.

ஜீவாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் பீப்பாயில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் வரை மாட்டுச் சிறுநீர், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. வெல்லத்துக்கும் மாவுக்கும் காசு போகிறது; அது கண்ணுக்குத் தெரியும். சாணத்தைக் கொடுத்த மாடு வைக்கோல் தின்கிறது, அதற்கு ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது. காலையும் மாலையும் கலக்க வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும், பாசன நீரோடு சொட்டுச் சொட்டாக விட மடையடியில் ஒருவர் நிற்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு பீப்பாய் என்று மாதம் இருமுறை விட்டால், ஒரு பருவத்தில் இதற்கே எத்தனை ஆள்நாள் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். யூரியா மூட்டையைவிட இது மலிவாகவும் இருக்கலாம், மலிவில்லாமலும் போகலாம். மண்ணுக்கு இதுதான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதை இலவசம் என்று சொல்லிச் சொல்லியே விலை வைப்பதில் ஏமாந்து போகிறார்கள்.

சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறைக்கு 'ஜீரோ பட்ஜெட்' என்றே பெயர். 2019-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் உரையிலும் அது இடம்பெற்றது. வெளியிலிருந்து இடுபொருள் வாங்க வேண்டாம் என்ற அளவில் அந்தப் பெயர் உழவரைக் கடனிலிருந்து காக்கும். வீட்டாரின் உழைப்பையும் ஜீரோ என்று எழுதத் தொடங்கினால் அதே பெயர் அவரைச் சுரண்டும்.

வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. கையிலிருந்து போன செலவு, சொந்தப் பொருள்களின் மதிப்பு, தேய்மானம், குத்தகை எல்லாம் சேர்ந்தால் ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்துக்கு வரக்கூடிய வாடகை, போட்ட முதலுக்கு வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் சி2. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதார விலை தரச் சொன்னது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் விவசாயச் சங்கங்களும் அரசும் இன்றுவரை மோதுகின்றன. அரசு எடுத்துக்கொள்வது ஏ2+எஃப்எல். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, ஆதார விலையை 2,369 ரூபாயாக வைத்தார்கள். சங்கங்கள் கேட்பது சி2.

டெல்லியில் நடக்கும் இந்தச் சண்டையின் மூன்று படிகளும் நம் வீட்டு நோட்டுக்கும் வேண்டும். முதல் படியில் நிற்கும் லாபம், கையில் காசு புரள்கிறதா என்று சொல்லும். இரண்டாம் படி, குடும்பத்துக்குக் கூலியாவது கட்டுகிறதா என்று சொல்லும். மூன்றாவது, இந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில். முதல் படியில் லாபமும் இரண்டாம் படியில் நஷ்டமும் காட்டும் பயிர்கள் இயற்கைப் பண்ணைகளில் நிறைய உண்டு. அவற்றை வீட்டாரின் முதுகுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள், ஒரு வரி

பெரிய பேரேடு எதுவும் வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் நோட்டும், வீட்டில் ஒரு நீள நோட்டும் போதும். நீள நோட்டில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம். வயலுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கும்: கிணற்றடி, தென்னந்தோப்பு ஓரம், களத்துமேடு. அதே பெயரில் எழுதலாம். ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கும்:

"செவ்வாய். கிணற்றடி, தூயமல்லி. இரண்டாம் களை. பெண்ணாள் 6, காலை 9 முதல் 2 வரை. கூலி 1,800. டீ, வடை 130. நான் 4 மணி நேரம், வரப்பும் மடையும். வீட்டில் 5 மணி நேரம், களை. மழை இல்லை."

இதை எழுத இரண்டு நிமிடம் ஆகும். இதில் கூலித் தொகையை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது கடைசி மூன்று துண்டுகளைத்தான். 'வீட்டில் 5 மணி நேரம்' என்ற அந்தத் துண்டு தை மாதம் அறுவடை முடிந்து கூட்டும்போது மலையாக நிற்கும். அந்த வயலில் களைக்கு மட்டும் இத்தனை நாள் போயிருக்கிறது என்று தெரிந்தபின்தான், வரிசை நடவும் கோனோ வீடரும் அடுத்த சம்பாவுக்குத் தேவையா என்பதை ஆசையை விட்டு அறிவால் முடிவு செய்ய முடியும்.

சொந்த உழைப்புக்கு என்ன விலை போடுவது என்று தயங்குகிறார்கள். உள்ளூர்க் கூலியையே போடலாம். 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். தன் நாளை அதற்குக் கீழே மதிப்பிட எந்த உழவருக்கும் அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துவைத்த அரிசிக்கும் காய்க்கும் விலை போட்டு வரவில் எழுத வேண்டும். அது வருமானம். உறவுக்குக் கொடுத்ததையும் எழுத வேண்டும். கொடுப்பதை நிறுத்துவதற்காக இல்லை, எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதற்காக. மோட்டார் 30,000 ரூபாய்க்கு வாங்கியிருந்து, பத்து வருஷம் ஓடும் என்றால் வருஷத்துக்கு 3,000 அதன் தேய்மானம். மாட்டுக்குத் தனிப் பக்கம்: தீவனம், மருத்துவர், பார்த்த நேரம் ஒரு பக்கம், பால், கன்று, சாணம் மறுபக்கம். சாணத்துக்கு ஊரில் ஒரு வண்டி எருவின் விலை என்னவோ அதைப் போட்டு, அதே தொகையை வயல்களின் செலவில் பங்கிட வேண்டும். அப்போதுதான் மாடு வயலைக் காப்பாற்றுகிறதா, வயல் மாட்டைக் காப்பாற்றுகிறதா என்பது புரியும்.

எழுத நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டபின் தங்கள் எண்ணுக்கே வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஏற்றலாம். எந்த வழியானாலும் அன்றன்றைக்கே பதிய வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதும் கணக்கில் உழைப்பு எப்போதும் குறைவாகவே விழும்.

நெல்லாக விற்பதா, அரிசியாக விற்பதா

மதிப்புக் கூட்டினால் லாபம் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். பொதுவாக அது உண்மை. ஆனால் கணக்கில்லாமல் நம்பக்கூடாத உண்மை. ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். அவரவர் ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஏக்கரில் பாரம்பரிய ரகம் 75 கிலோ மூட்டையில் 20 மூட்டை, அதாவது 1,500 கிலோ நெல் கண்டது என்போம். களத்திலேயே வியாபாரி கிலோ 35 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்தால் 52,500 ரூபாய், அன்றைக்கே கையில்.

கொடுக்காமல் அவித்து அரைக்கிறோம். கல், குருணை நீக்கி 900 கிலோ அரிசி தேறுகிறது. கிலோ 80 ரூபாய் என்றால் 72,000. வாயைப் பிளக்க வைக்கும் வித்தியாசம். இனி செலவு. அவித்து அரைக்க நெல்லுக்குக் கிலோ 4 ரூபாய், மொத்தம் 6,000. ஆலைக்குப் போக வர வண்டி 3,000. பையும் சாக்கும் 1,500. எடை போட்டு, பொட்டலம் கட்டி, பார்சல் அலுவலகத்துக்கு அலைந்த நாட்கள் 20. நாளுக்கு 400 வீதம் 8,000. எட்டு மாதம் வைத்து விற்றதில் வண்டு விழுந்து வீணானது 40 கிலோ. அந்த வகையில் 3,200. எல்லாம் 21,700. கழித்தால் 50,300. நெல்லாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட 2,200 ரூபாய் குறைவு, அதுவும் எட்டு மாதத்தில் துளித்துளியாக.

இந்தக் கணக்கில் அரிசியை 83 ரூபாய்க்கு விற்றால்தான் நெல்லின் விலையைத் தொடும். 90 என்றால் 58,900 நிற்கும். அலைந்ததற்குப் பொருள் இருக்கும். கிலோவுக்கு வெறும் பத்து ரூபாயில் ஒரு வருஷத்து முடிவே புரண்டுவிடுகிறது. "பக்கத்து ஊர்க்காரர் 80-க்குத் தர்றார், நீங்களும் அதே விலைக்குத் தாங்க" என்று கடைக்காரர் கேட்கும்போது எங்கே நிற்க வேண்டும், எங்கே நெல்லாகவே தள்ளிவிட வேண்டும் என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். தவிடும் குருணையும் வீட்டு மாட்டுக்குப் போனால் அதற்கும் ஒரு விலை போட்டு வரவில் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு இன்னும் கொஞ்சம் அரிசியின் பக்கம் சாயும்.

இன்னொன்றும் உண்டு. கடையில் சரக்கு இறங்கியதும் அது விற்றுவிட்டதாக மனதில் பதிந்துவிடுகிறது. பணம் இரண்டு மாதம் கழித்து வரும். சில இடங்களில் வராமலே போகும். விற்றது ஒரு பத்தி, வந்தது ஒரு பத்தி, பாக்கி ஒரு பத்தி என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், யாருக்கு இனி கடன் தரக்கூடாது என்பதை நோட்டே காட்டும். நோட்டில் லாபம் நின்றும் நாற்றங்காலுக்குக் கையில் காசில்லாமல் போவது இந்த மூன்றாம் பத்தியால்தான்.

கீரையும் கத்தரியும்

காய்கறியில் இன்னும் நுணுக்கம் வேண்டும். பறித்த எடை, கடைக்காரர் ஏற்றுக்கொண்ட எடை, கழித்துத் திருப்பிய எடை என்று மூன்றையும் எழுத வேண்டும். 22 கிலோ கத்தரி பறித்து 19 கிலோவுக்குப் பணம் வந்தால், மூன்று கிலோவைப் பறித்த கூலியும் அந்த 19 கிலோவின் தலையில்தான் ஏறும்.

கீரை 25 நாளில் காசு தரும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். பத்து சென்டில் ஆறு மாதத்தில் ஐந்து முறை கீரை எடுத்து, விதைச் செலவு போக ஒவ்வொரு முறையும் 2,400 நின்றால் 12,000. அதே பத்து சென்டில் அதே ஆறு மாதம் நின்ற கத்தரியில் மிச்சம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். கீரை வென்றதாகத் தெரிகிறது. கீரை பறித்து, மண் உதறி, கட்டுக் கட்ட முறைக்கு 30 மணி நேரம், ஐந்து முறைக்கு 150 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் போட்டால் 7,500 போய் 4,500 நிற்கும். கத்தரிக்கு 60 மணி நேரம் என்றால் 3,000 போய் 6,000. இப்போது கத்தரி முன்னால் வந்துவிட்டது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கட்டுக் கட்டிய அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவிடம்தான் நோட்டையும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பரவின. தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன், வட்டி என்று வாராவாரம் எழுதியும் எழுதச் சொல்லிச் சரிபார்த்தும் பழகிய பெண்கள் கிட்டத்தட்ட எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். குழுவின் நூறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கத் தெரிந்தவருக்கு வயலின் கணக்கைக் கேட்க வீட்டில் இடம் இருக்க வேண்டும். களையெடுப்பு, விதை சுத்தம் செய்வது, மாட்டுப் பாடு எல்லாம் அவர் தலையில் இருக்கும்போது, அவர் நேரம் நோட்டில் ஏறாத பண்ணையின் லாபத்தை நான் லாபமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆய்வாளர் கேட்பதும் நமக்கு வேண்டியதும்

சான்றிதழ் வாங்கியவர்கள் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2001-இல் மத்திய வர்த்தக அமைச்சகம் கொண்டுவந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை நம் மாநிலத்தில் சான்று வழங்குகிறது. நிலத்தின் வரைபடம், பயிர் வரலாறு, இடுபொருள் எங்கிருந்து வந்தது, எப்போது விதைத்தது, எவ்வளவு அறுத்தது, யாருக்கு விற்றது எல்லாம் அதில் பதிவாக வேண்டும். குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பிஜிஎஸ் முறையிலும் பண்ணைக் குறிப்பேடு உண்டு. பலர் அதை ஆய்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். அதே பக்கத்தில் ரூபாய்க்கு ஒரு கட்டம், மணி நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து அன்றாடம் எழுதினால், ஆய்வாளருக்கான நோட்டே வீட்டின் லாப நஷ்டக் கணக்கும் ஆகிவிடும். 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. துறை அச்சிட்டுத் தரும் குறிப்பேட்டில் அந்த இரண்டு கட்டங்களைச் சேர்க்கப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பயிற்சி முகாம்களில் பஞ்சகவ்யத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டும்.

மாறும் காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். தேசியத் திட்டத்தின்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாற்றக் காலம். அந்த நாட்களில் விளைச்சல் இறங்கும், இயற்கை விளைபொருள் என்ற பெயரில் கூடுதல் விலையும் கிடைக்காது. அந்த இழப்பைக் கிணறு வெட்டிய செலவு மாதிரி முதலீட்டில் எழுதி, பின்வரும் வருஷங்களுக்குப் பங்கிட வேண்டும். முதல் வருஷத்தின் தலையில் மொத்தத்தையும் ஏற்றியதால் மனமுடைந்து விட்டவர்கள் உண்டு.

கணக்கு நஷ்டம் காட்டினாலும் விடக்கூடாத பயிர்களும் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை 2 கிலோ வாங்கிப் போனவர், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அதற்குள் 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் திரட்டியிருந்தார். அந்தச் சேகரிப்பு பெருகியதற்கு இந்த எளிய பற்று வரவும் ஒரு காரணம். அப்படி வந்த ஒரு ரகம் நம் வயலில் 160 நாள் நின்று, சாய்ந்து, ஏக்கருக்குப் பத்து மூட்டைகூடக் காணாமல் போகலாம். அதை ஒரு ஏக்கரில் போட்டுக் கடன்பட வேண்டாம். விதைக்காகப் பத்து சென்டில் போட்டு, அதற்கு ஆகும் செலவைத் தனிப் பக்கத்தில் எழுதி, காய்கறியில் நின்ற மிச்சத்திலிருந்து அதை ஈடுகட்டலாம். எந்த வயல், எத்தனை சென்ட், எவ்வளவு ரூபாய் வரை என்பதை ஆடியில் நாற்றுவிடும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.